ரூபலா அப்போது எங்கே இருந்தாள்?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் முனையில், 1980களின் கடைசியில், ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. பலசரக்குக் கடையில் பாதியைத் தடுத்து, கயிறு கட்டி, அதில் மாத நாவல்களைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். புத்தகம் வாங்கிவர அனுப்பப்படும் ஆள் நான்தான். அம்மாவுக்கு ரமணிசந்திரன், எதிர் வீட்டு அக்காவுக்குப் பட்டுக்கோட்டை பிரபாகர் அல்லது சுபா, பெரியம்மாவுக்கு ராஜேஷ்குமார் மட்டும். கடைக்காரரின் நோட்டில் எங்கள் வீட்டுக் கணக்கு அப்பா பெயரில் இருந்தது; எதிர் வீட்டுக் கணக்கு அக்காவின் அண்ணன் பெயரில். அந்த இரண்டு ஆண்களும் ஒரு நாவலையும் முழுசாகப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

தமிழ்ப் பெண்களின் வாசிப்பைப் பற்றி எழுதும்போது நாம் குடும்ப நாவலில் தொடங்கிக் குடும்ப நாவலிலேயே முடித்துவிடுகிறோம். கொலை, பிணம், கைரேகை, பிரேதப் பரிசோதனை இதெல்லாம் ஆண்கள் படித்தவை என்று ஒரு நினைப்பு. அந்த நோட்டைப் பார்த்து வரலாறு எழுதினால் அப்படித்தான் தோன்றும். ஆனால் தறி வீட்டுத் திண்ணையில் தார் சுற்றிக்கொண்டே பெண்கள் பேசிய கதைகளில் பாதி, கொலைக் கதைகள். அவர்கள் அவற்றை ரசித்தார்கள், அவற்றோடு சண்டையும் போட்டார்கள். அந்தச் சண்டையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் துப்பறியும் நாவலின் வயது நூற்றாண்டுக்கு மேல். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இல் வந்தது. அவருடைய துப்பறிவாளர் கோவிந்தன் வீடுகளில் பேசப்படும் பெயரானார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவியும் தழுவாமலும் எழுதிக் குவித்தார்கள். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று பெரிய மனிதர்கள் கவலைப்பட்ட காலமும் அதுதான். அந்தக் கவலைக்கு நடுவே வை.மு. கோதைநாயகி 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். மர்மமும் துப்பறிதலும் அவர் கதைகளில் உண்டு. ஆனால் அந்த வழியில் பெண்கள் பெரிய கூட்டமாகத் தொடரவில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால், 1968இல் 'நைலான் கயிறு' மூலம் வந்த சுஜாதாவின் கணேஷ், பிறகு அவரோடு சேர்ந்த வசந்த் என்று துப்பறியும் பெரிய பெயர்கள் ஆண்களாகவே அமைந்தன.

1980களில் மாத நாவல்கள் பெருகியபோது ஜோடிகள் வந்தார்கள். ராஜேஷ்குமாருக்கு விவேக், ரூபலா. பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத், சுசீலா. சுபாவுக்கு நரேந்திரன், வைஜயந்தி. ஒரு பெண்ணும் பக்கத்தில் இருக்கிறாள் என்பது பெண் வாசகர்களைக் கட்டிப்போட்டது. எதிர் வீட்டு அக்கா, வைஜயந்தி வேலைக்குப் போகிறாள், சண்டை போடுகிறாள், சம்பளம் வாங்குகிறாள் என்பதற்காகவே படித்தாள். சுசீலாவின் பனியனில் எழுதியிருக்கும் வாசகங்களைப் படித்து முதலில் சிரித்தாள். பிறகு, "இவ பேசுறதவிட இவ பனியன்தான் அதிகம் பேசுது" என்றாள்.

பெரியம்மாவின் ஆள் ராஜேஷ்குமார். கோயம்புத்தூர்க்காரரான அவர் 1500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியிருக்கிறார். ஒரு அத்தியாயத்தில் ஓர் ஊரில் ஒரு கதை, அடுத்த அத்தியாயத்தில் வேறு ஊரில் வேறு கதை, கடைசியில் இரண்டும் ஒரு முடிச்சில் சேரும். எட்டாவது வரை படித்த பெரியம்மா, அந்த முடிச்சைப் பாதியிலேயே சொல்லிவிடுவதில் கெட்டிக்காரி. அதைவிட அவருக்குப் பிடித்தது அந்தக் கதைகளில் வரும் தடயவியல். விஷம் எத்தனை நேரத்தில் வேலை செய்யும், பிணம் எப்போது விறைக்கும், நீரில் மூழ்கிச் செத்தவளையும் செத்தபின் நீரில் போடப்பட்டவளையும் எப்படிப் பிரித்தறிவது, எல்லாம் அதில் இருந்தன. உடலைப் பற்றி ஒரு பெண்ணுக்குச் சொல்லித்தர அன்றைக்கு யார் இருந்தார்கள்? பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லவில்லை. மருத்துவர் புருஷனைப் பார்த்துப் பேசினார். சாணித்தாள் அச்சில் வந்த நாவல் பெரியம்மாவிடம் நேராகப் பேசியது.

அதே பெரியம்மாவுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, ரூபலா. சில கதைகளில் அவள் முக்கியமான துப்பைக் கொடுப்பாள். பல கதைகளில் விவேக்கோடு கேலி பேசுவாள், அவன் வரும்வரை காத்திருப்பாள். பிணம் கிடக்கும் இடத்துக்கு விவேக்கும் விஷ்ணுவும் போவார்கள். "ரூபலா அப்ப எங்கடி இருந்தா?" என்று கதை சொல்லும்போது என்னைக் கேட்பார். நான் பக்கத்தைப் புரட்டித் தேடுவேன். பல சமயம் அவள் வீட்டில் இருப்பாள்.

இரண்டாவது குறையை எனக்குக் கேட்காத குரலில் அம்மாவிடம் சொல்வார். செத்துக் கிடப்பவள் ஏன் எப்போதும் வயசுப் பெண்ணாகவே இருக்கிறாள்? அவள் கிடக்கும் விதத்தைச் சொல்லும்போது புடவை விலகியது ஏன் முதலில் வருகிறது? அட்டைப்படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டுவர எனக்கு உத்தரவு இருந்தது. இந்தக் குறை ஒரே எழுத்தாளருக்கு உரியதல்ல, கயிற்றில் தொங்கிய ஏறக்குறைய எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்தும்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். அந்த நாவல்களும் அன்றைய செய்தித்தாள்களும் பாலியல் வன்முறையைக் 'கற்பழிப்பு' என்றே எழுதின. அழிந்தது அவளுடைய கற்பு என்று சொல்லும் சொல் அது. வன்முறை செய்தவன் அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. 'வன்புணர்வு', 'பாலியல் வன்முறை' என்ற சொற்களைப் பெண்ணியவாதிகள் வற்புறுத்திக் கொண்டுவர வேண்டியிருந்தது. தடயவியலும் அந்தச் சொல்லைப் போலத்தான் நடந்துகொண்டது. பாதிக்கப்பட்டவள் ஏற்கெனவே உறவுக்குப் பழகியவளா என்று 'கண்டறியும்' இருவிரல் சோதனை மருத்துவ அறிக்கைகளில் நெடுங்காலம் இருந்தது. அது பெண்ணின் அந்தரங்க உரிமையையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013இல். செய்பவர்கள் நடத்தைக் கேடு புரிந்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்று சொன்னது 2022இல். அறிவியல் என்ற பெயரில் வரும் எல்லாமே அறிவியல் அல்ல என்பதைப் பெரியம்மாவின் இரண்டாவது குறை முன்பே தொட்டிருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

1991இல் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் எரிந்துபோனாள். கல்யாணமாகி மூன்று வருடம். ஸ்டவ் வெடித்தது என்றார்கள். அந்தக் காலத்தில் மருமகள்கள் சமைத்த ஸ்டவ்கள்தான் அதிகம் வெடித்தன. பெரியம்மாவும் மற்ற பெண்களும் அழப் போனார்கள். திரும்பி வந்து குளித்தார்கள். ராத்திரி திண்ணையில் பேச்சு தொடங்கியது.

ஸ்டவ் வெடித்தால் முன்பக்கம்தானே அதிகம் எரியும், தலைமுடியிலிருந்து முதுகுவரை ஏன் எரிந்தது என்று ஒருத்தி கேட்டாள். அடுப்படிச் சுவரில் கரி இல்லை என்றாள் இன்னொருத்தி. ஸ்டவ் முழுசாக இருந்ததைப் பெரியம்மா பார்த்திருந்தார். "மூச்சுக்குழாயில கரி இருக்கான்னு பாப்பாங்க. இருந்தா உசிரோட எரிஞ்சிருக்கா. இல்லன்னா செத்தப்பறம் கொளுத்தியிருக்காங்க" என்றார். அதை எங்கே படித்தார் என்று எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தை நான்தான் வாங்கி வந்தேன். அவர் சொன்னது தடயவியல் பாடநூலில் இருப்பதுதான்.

சட்டமும் அப்போது இருந்தது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. கணவன் வீட்டாரின் கொடுமையைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு 1983இல் வந்தது. கல்யாணமான ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் சந்தேகப்படும்படி இறந்தால் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும் அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான். வரதட்சணை மரணத்தைத் தனிக் குற்றமாக்கும் 304பி பிரிவு 1986இல் வந்தது. நாடு முழுக்கப் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிக் கேட்டுப் பெற்றவை இவை. ஏழு வருடக் கணக்கு திண்ணையில் இருந்த பெண்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியவைத்ததில் நாவல்களுக்கும் பங்கு உண்டு.

விசாரிக்க வந்தவர்கள் ஆண்களிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். திண்ணைப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை; அவர்களும் போய்ச் சொல்லவில்லை. நாவலில் விவேக் வந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பான். எங்கள் ஊரின் சிவப்புத் தொப்பிக் காவலர்களைப் பார்த்துப் பேசும் பழக்கம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. அடுத்த ஆண்டு, 1992இல், இங்கிருந்து அதிக தூரமில்லாத சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒரு பெண் காவலர்களால் வன்புணரப்பட்டாள், அவள் கணவர் காவலில் இறந்தார், அது தற்கொலை என்று காட்டப்பார்த்தார்கள் என்ற செய்தி வந்தபோது, பேசாமல் இருந்ததே நல்லது என்று அம்மா சொன்னார். பெரியம்மா பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் பெரியம்மா க்ரைம் நாவல் கேட்கவில்லை. மறுபடி படிக்கத் தொடங்கியபோது அவருடைய கேள்வி மாறியிருந்தது. கொன்றது யார் என்பதைப் பாதியில் சொல்லும் விளையாட்டை விட்டுவிட்டார். "செத்தவ யாரு, என்ன படிச்சா, யார்கிட்ட பேசுவா, ஒண்ணுமே எழுதலியே" என்பார்.

ரொம்ப நாள் கழித்து, கல்லூரியில், அமெரிக்க எழுத்தாளர் பட்ரீசியா கார்ன்வெல்லின் நாவலைப் படித்தபோது பெரியம்மாவை நினைத்தேன். வர்ஜீனியாவின் தலைமை மருத்துவ ஆய்வாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அவர். 1990இல் 'போஸ்ட்மார்ட்டம்' நாவலில் கே ஸ்கார்பெட்டா என்ற பெண் மருத்துவரைப் படைத்தார். இங்கே கதையைச் சொல்பவளே பிரேதப் பரிசோதனை செய்பவள். கத்தி அவள் கையில். செத்த பெண்ணை அவள் பார்க்கும் பார்வையில் மரியாதை உண்டு. தொடர் முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் நீண்டது, வாசகர்கள் பிரிந்தார்கள். 2003இல் வந்த 'புளோ ஃப்ளை'யில் 'நான்' போய், கதை படர்க்கையில் சொல்லப்பட்டது. குற்றவாளிகளின் மனசுக்குள்ளும் கதை போனது. முன்பு இறந்துபோனதாகச் சொல்லப்பட்ட அவள் காதலன் உயிரோடு திரும்பினான். பழைய வாசகர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். 2010இல் கார்ன்வெல் மறுபடி தன்மைக்குத் திரும்பினார். கதை நடையைப் பற்றிய சில்லறைக் குறையாக இதைப் பார்க்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிணத்தின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், யார் கண் வழியாக நாம் பார்க்கிறோம் என்பதுதான் அந்த வாசகர்களின் கேள்வி. ரூபலா எங்கே என்று பெரியம்மா கேட்டதும் அதுவேதான்.

தமிழில் இதற்கு ஒரு பதில் தாமதமாகவே வந்தது. 2014இல் அம்பை 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' என்ற நூலில் மூன்று துப்பறியும் கதைகள் எழுதினார். துப்பறிபவள் மும்பையில் வாழும் சுதா குப்தா. அந்தப் புத்தகத்தைப் பெரியம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். அப்போது அவருக்குக் கண் தெரியவில்லை. சுதா பெண்களிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறாளே என்று முதலில் அலுத்துக்கொண்டார். கொலை எங்கே, பிணம் எங்கே என்றார். ராஜேஷ்குமார் அளவுக்கு வேகம் இல்லை என்றும் சொன்னார். அது அவருடைய நேர்மையான தீர்ப்பு, அதை மாற்றி எழுத நான் விரும்பவில்லை. வேகம் வேண்டும், முடிச்சு வேண்டும், செத்தவளுக்கு ஒரு வாழ்க்கையும் வேண்டும். மூன்றையும் ஒரே புத்தகத்தில் கேட்க அவருக்கு உரிமை இருந்தது.

வாசகிகளை, எழுதியதை அப்படியே விழுங்கியவர்கள் என்றோ, எல்லாவற்றையும் எதிர்த்தவர்கள் என்றோ எழுதிவிடுவது சுலபம். எங்கள் திண்ணையில் இருந்தவர்கள் இரண்டும் இல்லை. பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள், பிடிக்காததை வாய்விட்டுச் சொன்னார்கள், மறுநாள் அடுத்த புத்தகத்துக்கு என்னை அனுப்பினார்கள். அவர்கள் கற்றுக்கொண்டதைக் கேட்க ஒரு ஆள் வந்திருந்தால், இரண்டு தெரு தள்ளி இறந்த அந்தப் பெண்ணின் காகிதத்தில் 'ஸ்டவ் வெடித்து' என்ற சொற்கள் ஒருவேளை இருந்திருக்காது. அந்தக் காகிதத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் ஸ்டவ் முழுசாக இருந்தது என்று பெரியம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே எழுதிவைக்கிறேன்.