விசில் இல்லாத உடற்பயிற்சி

நான் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில் ஒருநாள் காலை, எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். ஊழியர் நலனுக்கான உடற்பயிற்சி என்றார்கள். விசில் ஊதியதும் பக்கத்தில் நின்ற அக்காவின் முகம் மாறிவிட்டது. "வரிசை எண்டால் எனக்கு முகாம்தான் ஞாபகம் வருது, தங்கச்சி" என்றார். எனது காலில் இன்னமும் எறிகணைத் துண்டு இருக்கிறது. குந்தி எழும்ப முடியாமல் நானும் ஒதுங்கினேன். சில வாரங்களில் அந்தப் பயிற்சி நின்றுபோனது.

ஆனால் பயிற்சி எங்களுக்குத் தேவைதான். நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்தால் நாரியும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும்.

வேலைத்தள உடற்பயிற்சிக்குப் பெயர்போன நாடு யப்பான். அங்கு 'ராஜியோ தைசோ' என்ற வானொலி உடற்பயிற்சி 1928 இல் தொடங்கியது. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனமொன்றின் வானொலிப் பயிற்சியைப் பார்த்து, அஞ்சலகங்கள் ஊடாக ஆயுட்காப்புறுதி நடத்திய அரச பிரிவு அதனை முன்னெடுத்தது. போர்க்காலத்தில் அதே பயிற்சி மக்களை ஒரே கட்டளைக்குப் பழக்கவும் பயன்பட்டது. தோல்வியின் பின்னர் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது.

1951 இல் அது புதிய வடிவில் திரும்பியது: பியானோ இசை, 13 அசைவுகள், மூன்று நிமிடங்களுக்குச் சற்று அதிகமான நேரம். இன்றும் கட்டுமானத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலைக்கு முன்னர் செய்கிறார்கள். 1999 இல், வயோதிபரும் மாற்றுத்திறனாளிகளும் செய்யக்கூடிய இன்னொரு பயிற்சியும் வந்தது. அதைக் கதிரையில் இருந்தபடியே செய்யலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டல், வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலசைவைப் பரிந்துரைக்கிறது. வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே அளவுதான். அவ்வளவு முடியாவிட்டாலும், சிறிதளவு அசைவது அறவே அசையாமலிருப்பதை விட நல்லது என்கிறது அது.

இப்போது தேநீர் இடைவேளையில் நாங்கள் ஐந்தாறு பேர் கதிரையில் இருந்தே தோளைச் சுழற்றுகிறோம், குதிக்காலை உயர்த்துகிறோம், முழங்காலை நீட்டி மடக்குகிறோம். விசிலும் இல்லை, வரிசையும் இல்லை. அந்த அக்காவும் வருகிறார்.

உடலில் துண்டுகள் உள்ளவர்களும் செயற்கைக் கால் அணிந்தவர்களும் முதலில் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நிர்வாகங்களுக்கு ஒன்று: பயிற்சியைத் தொடங்க முன்னர், யாருடைய உடலில் என்ன காயம் இருக்கிறது, யாருக்கு எது பயம் என்று தனியாகக் கேளுங்கள். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். வராதவரைச் சோம்பேறி என்று எழுதாதீர்கள்.