வீட்டு அலமாரியும் நாட்டு வரலாறும்

ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்கள் அவருக்குப் பின் என்ன ஆகின்றன? இது ஒரு குடும்பத்தின் சொந்தச் சிக்கல்போலத் தோன்றலாம். மலேசியத் தமிழரின் எழுத்து வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கோ இதுவே முதல் வினாவாகும். இம்மண்ணில் அச்சேறிய தமிழ் நூல்களும் இதழ்களும் நெடுங்காலம் தனியார் வீடுகளிலேயே பேணப்பட்டு வந்தமையே காரணம்.

இங்குத் தமிழ் அச்சின் வரலாறு பழமையானது. ‘சிங்கை நேசன்’ 1887இல் சிங்கப்பூரில் தொடங்கியது. ‘தமிழ் நேசன்’ 1924இல் கோலாலம்பூரிலும், ‘தமிழ் முரசு’ 1935இல் சிங்கப்பூரிலும் பிறந்தன. ஆனால் அச்சாகும் நூல்களைத் தேசிய அளவில் ஒப்படைத்துக் காக்க வகைசெய்த நூல் பாதுகாப்புச் சட்டம் மலேசியாவில் 1966இல்தான் வந்தது. அதன் இடத்தை 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட பல்லாண்டுக் காலத்து நூல்களுள் எஞ்சியவற்றைத் தேடுவோர், நூலகப் படிகளோடு வீட்டுப் படிகளையும் ஏறவேண்டியவராகின்றனர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அத்தகைய வீடுகள் பல இருந்தன. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே பணியாளர்கள் வாழ்ந்தனர். அவருள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர் பலர். கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கிராணிமார்களும் இருந்தனர். ஊதியம் சிறிதெனினும் மாதந்தோறும் நூலுக்கென ஓரிரு வெள்ளியை ஒதுக்கிய வாசகர்கள் இவர்களிடையே தோன்றினர்.

இவர்கள் படித்த முறையும் குறிக்கத்தக்கது. முதற்பக்கத்தில் பெயர், வாங்கிய நாள், ஊர், விலை ஆகியவற்றை எழுதினர். பக்க ஓரத்தில் ஐயங்களைக் குறித்தனர். நாளிதழ்களின் ஞாயிற்றுப் பதிப்பில் வந்த கதைகளையும் கட்டுரைகளையும் வெட்டியெடுத்துத் தைத்துத் தொகுதியாக்கினர். இப்பழக்கம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று. 1950ஆம் ஆண்டளவில் ‘தமிழ் நேசன்’ நடத்திய ‘கதை வகுப்பு’ போன்ற முயற்சிகளால் எழுத வந்தவர்களின் படைப்புகள் முதலில் வெளிவந்த இடம் நாளிதழே. நூலாகாத படைப்புக்கு அந்த வெட்டுத்தாள் தொகுதியே சான்றாகலாம்.

மொழியியல் நோக்கில் இவற்றின் மதிப்பு இன்னும் மிகுதி. கித்தா, லயம், கிராணி, கங்காணி முதலிய சொற்கள் தோட்ட வாழ்வில் வழங்கின. அவற்றுள் ‘கித்தா’ மலாய்மொழியின் ‘கெத்தா’விலிருந்து வந்தது. ஒரு சொல் எந்த ஆண்டில், எந்தப் பொருளில், எத்தகைய எழுத்தில் இடம்பெற்றது என்று நிறுவ அச்சுச் சான்று வேண்டும். அச்சான்று அழியுமாயின், அச்சொல்லின் வரலாற்றை ஊகத்தால்தான் எழுத இயலும்.

அழிவு பெரும்பாலும் பகைமையால் வருவதில்லை. பழைய குடியிருப்புகளை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயரும்போது இடம் குறைகிறது. ஈரமும் கரையானும் ஒருபுறம். வெள்ளம் புகுந்தால் கீழ்த்தட்டு முதலில் நனைகிறது. பிள்ளைகள் தமிழ் படியாதவராயின், நூல்களை வகைபிரிக்க வீட்டில் எவருமிலர். ‘சூராட் காபார் லாமா’ என ஒலிபெருக்கியில் கூவிவரும் பழைய தாள் வண்டியில், அரிய நூலும் நேற்றைய நாளிதழும் ஒரே எடைக்குப் போகின்றன.

தனியார் தொகுப்பு தப்பிப் பிழைத்ததற்குத் தமிழ்நாட்டில் நல்ல சான்றுண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் நூல்களோடு நாடக அறிவிப்புகள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள் முதலிய எளிய தாள்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைச் சிதறவிடாமல் வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது. அதுவே சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடிப்படை. அங்கு நூல்கள் அட்டவணைப்படுத்தப்பட்டன, நுண்படமும் எடுக்கப்பட்டன. ஒருவரின் ஆர்வம் உலக ஆய்வாளர்க்குப் பயன்பட்டது இவ்விரு பணிகளாலேயே.

மாறான சான்று யாழ்ப்பாணத்தில் உள்ளது. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய நூல் வழங்கும் பணியே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. அந்நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. பெரிய கட்டடமும் தனித்து நின்று காப்பளிக்காது. படியும் பட்டியலும் வேறோர் இடத்திலும் இருத்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் உளர். 1950களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். அப்போது சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைவதற்காக எளிய மக்களும் அதற்கு உதவினர். அங்கு 1956இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறை பின்னர்க் கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயகம் அடிகள் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது. தமிழியல் நூல்களுக்கான அவருடைய வழிகாட்டி அடைவும் அவ்வாண்டே வெளிவந்தது.

அத்துறையைச் சேர்ந்த இராம. சுப்பையா மொழியியலறிஞர், கீழ்ப்பேராக் தமிழ் வழக்குகளின் சொற்களை ஆராய்ந்தவர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் தொகுத்து, ‘தமிழ் மலேசியானா’ என்னும் பட்டியலை அவர் அளித்தார். 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் அதனை வெளியிட்டது. ஒரு நூல் கைக்குக் கிட்டாவிடினும், அது இருந்தது என்பதை அத்தகைய பட்டியல் நமக்கு உணர்த்துகிறது. இருந்தது எனத் தெரிந்தால்தான் எவரும் தேடுவர்.

ஆகவே நாம் வலியுறுத்துவது ஒன்றே. நூல் சேர்ப்பவர் தொடங்கிய பணி, அடைவு எழுதப்பட்ட பின்னரே நிறைவுறுகிறது. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஆசிரியர், தலைப்பு, அச்சகம், ஊர், ஆண்டு, பக்கம் ஆகிய ஆறும் ஒவ்வொரு நூலுக்கும் எழுதப்பட வேண்டும். உரிமையாளர் எழுதிய குறிப்புகளைத் தனியே பதிய வேண்டும். வெட்டுத்தாளாயின் இதழின் பெயரும் நாளும் இன்றியமையாதன. தலைப்புப் பக்கத்தை ஒளிப்படம் எடுத்தல் நன்று. பட்டியலின் ஒரு படி வீட்டிலும், மற்றொன்று ஒரு நூலகத்திலும் இருக்கட்டும்.

உரியவர் உயிரோடிருக்கும்போதே இதனைச் செய்தல் நலம். எந்நூல் எங்கிருந்து வந்தது என்று சொல்லவல்லவர் அவர் ஒருவரே. வரும் பள்ளி விடுமுறையில் மாணவர் இருவர் இணைந்து, தம் ஊரின் மூத்த வாசகர் ஒருவரின் இசைவுடன், ஓர் அலமாரியை அடைவுசெய்ய ஆசிரியர்கள் வழிகாட்டுவார்களாக.