கடலடியில் ஒரு கணக்குப் புத்தகம்

1947 ஜூலையில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் துறைமுகத்திலிருந்து 'அல்பட்ராஸ்' என்ற கப்பல் கிளம்பியது. ஹான்ஸ் பெட்டர்சன் தலைமையில் 15 மாதம் உலகைச் சுற்றி, நீண்ட குழாய்களை ஆழ்கடல் சேற்றில் இறக்கி, அடுக்குக் கலையாமல் மண் எடுத்து வந்தார்கள்.

அந்தக் குழுவில் ஒரு இளைஞர், குஸ்டாஃப் அர்ரேனியஸ். (கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896-லேயே கணக்குப் போட்ட ஸ்வாண்டே அர்ரேனியஸின் பேரன்தான் இவர்!) கிழக்குப் பசிபிக்கில், பூமத்திய ரேகையை ஒட்டி எடுத்த மண்ணில் பனியுகத்து அடுக்குகளில் சுண்ணாம்பு அதிகம் இருந்தது. அப்போது காற்று பலமாக வீசியிருக்கும், அடியிலிருந்து சத்துள்ள நீர் மேலே வந்திருக்கும், கடலின் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும் என்று 1952-ல் எழுதினார்.

இங்கேதான் சிக்கல். ஆழ்கடலில் சுண்ணாம்பு கரைந்துவிடும். ஓர் அடுக்கில் குறைவாக இருந்தால், வரவே குறைவா, வந்தது கரைந்துபோனதா?

அதனால் எளிதில் கரையாத ஒன்றைத் தேடினார்கள். பேரைட் என்ற பேரியம் உப்பு கிடைத்தது. செத்த நுண்ணுயிர்கள் அழுகியபடி மூழ்கும்போது அது படிகமாக உருவாகிறது. மேலே விளைச்சல் கூடினால் கீழே பேரைட் கூடும். 1996-ல் அடினா பேடன் குழுவினர் அதை அளந்து, பனியுகங்களில் அங்கே விளைச்சல் சுமார் இரண்டு மடங்கு என்றார்கள்.

ஆனால் அடுத்த வீட்டுக்காரர் பணம் நம் கணக்கில் வரவாகியிருந்தால்? கடலடி நீரோட்டம் பக்கத்துச் சேற்றையும் அள்ளி வந்து கொட்டும். இதைத் தணிக்கை செய்ய வந்தது தோரியம்-230. கடல்நீரில் கரைந்துள்ள யுரேனியத்திலிருந்து அது ஒரே சீராக உண்டாகி, உடனே துகள்களில் ஒட்டிக் கீழே விழுகிறது. ஓர் இடத்தில் எவ்வளவு விழவேண்டும் என்பது கடலின் ஆழத்தை வைத்தே தெரியும். அதைவிட அதிகம் இருந்தால் மிச்சம் பக்கத்திலிருந்து வந்தது! பசிபிக்கில் பல இடங்களில் அதிகமாகத்தான் இருந்தது. தோரியக் கணக்கே தவறு என்று மிட்ச் லைல் போன்றவர்கள் 2005-ல் சண்டைக்கு வந்தார்கள்.

இந்தச் சேற்றுச் சண்டை எதற்கு என்கிறீர்களா? பனியுகத்துத் தூசியில் வந்த இரும்புதான் கடலைச் செழிக்கவைத்துக் கரியமில வாயுவைக் குறைத்தது என்று 1990-ல் ஜான் மார்ட்டின் எழுதியிருந்தார். கடலில் இரும்பைத் தூவிப் பூமியைக் குளிர்விக்கலாம் என்ற யோசனை அதை நம்பித்தான் நின்றது.

2016-ல் பசிபிக்கின் பூமத்திய ரேகையை ஒட்டி 3 இடங்களின் 5 லட்சம் வருட மண்ணை, தோரியத்தை வைத்துத் திருத்திப் பார்த்தார்கள். தூசி உச்சத்தில் இருந்தது பனியுகத்தில். விளைச்சல் உச்சத்துக்குப் போனதோ பனியுகம் முடியும் தறுவாயில். தேதியே ஒத்துப்போகவில்லை. ஆனால் தெற்கே, அண்டார்க்டிகாவுக்கு வடக்கே அட்லாண்டிக்கில் எடுத்த மண்ணை ஆராய்ந்து 2014-ல் வந்த முடிவு மார்ட்டின் பக்கமே சாய்ந்திருந்தது.