மொகல் தெருக் கூட்டத்தில் இடமில்லாதவர்

கண்டனூர் போன்ற செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகளில் நிற்கும் பர்மாத் தேக்கு, கடல் கடந்த லேவாதேவித் தொழில் தந்த செல்வம். அந்தத் தொழிலில் தனியொருவர் எடுத்த முடிவுகள் குறைவு. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் செட்டிநாட்டு நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். ஊரில் முதலாளி, ரங்கூனில் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள். மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். கோயிலுக்கு மகமை என்ற பங்கு போகும். தொழிலில் பங்குள்ள எல்லோருக்கும் ஏதோவொரு குரல் இருந்தது, ஐராவதி டெல்டாவில் நெல் விளைவித்தவரைத் தவிர. அவரிடம் பேசாமல் இல்லை. நிலம் எவ்வளவு, திருப்பித் தரும் சக்தி உண்டா என்று தனித்தனியே விசாரித்துத்தான் கடன் கொடுத்தார்கள். ஆனால் விளைச்சலோ விலையோ விழுந்தால் என்ன செய்வது என்ற பொது விதியை வகுத்த இடத்தில் அவர் இல்லை.

1929-30 வங்கி விசாரணைக் குழு பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் வட்டிக் கடைகளையும் 75 கோடி ரூபாய் முதலையும் கணக்கிட்டது. கடனில் பெரும்பகுதி விவசாயிகளிடம் இருந்தது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதியாகச் சரிந்தது, கடன் மட்டும் அப்படியே நின்றது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த நகரத்தார் நிலம், 1937-க்குள் 25 சதவீதமானது. நிலம் இழந்தவர்களின் கோபம் அரசியலானது.

பர்மியக் கடன்காரர்களைவிட நகரத்தார் வட்டி குறைவு, அவர்கள் நிலத்தை விரும்பவில்லை, உலகச் சந்தையை அவர்களா கெடுத்தார்கள் என்று கேட்பார்கள். மூன்றும் நியாயமான வாதங்கள்தான். ஆனால் நிலம் வேண்டாம் என்பதே உண்மையென்றால், கடனைக் குறைத்து உழவரை அதே வயலில் வைத்திருப்பது இருவருக்குமே லாபம். அது அன்று எட்டாத யோசனையும் அல்ல. சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தால் கடன் சுமையைக் குறைத்தது. அரசு கட்டாயப்படுத்தாமலே, நடப்பு வட்டிக்குக் கூடியவர்கள் கடன் தள்ளுபடிக்கும் கூடியிருக்கலாம்; ஒரே சொல்லுக்கு எல்லாக் கடைகளும் கட்டுப்படும் வழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. உழவரின் பிரதிநிதிகளை அந்தக் கோயில் கூட்டத்துக்கு அழைப்பது மட்டும்தான் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அதைச் செய்யாதது, நகரத்தார் தொழில்முறையில் நான் காணும் ஒரே பெரிய ஓட்டை. 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பில் பலர் ஊர் திரும்பினார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது.