மிசூரி உடன்பாடு

அமெரிக்காவின் மேற்கு நிலப்பகுதிகளில் அடிமை முறையை அனுமதிப்பதா என்ற பூசலுக்கு 1820 மார்ச்சில் அந்நாட்டுக் காங்கிரஸ் கண்ட தீர்வு.

இப்பூசல் குடியரசின் தொடக்கத்திலேயே எழுந்தது. 1800க்குப் பின் மேற்குப் பகுதி எதிலும் அடிமை முறை கூடாது என்று 1784இல் தாமஸ் ஜெபர்சன் ஒரு விதியை முன்மொழிந்தார். அது நிலைக்க ஏழு மாநிலங்களின் ஆதரவு வேண்டும், கிடைத்தவை ஆறு. நியூ ஜெர்சியின் வாக்கு செல்லக் குறைந்தது இரு பேராளர்கள் அவையில் இருக்க வேண்டும். ஒருவர் உடல்நலமின்றி விடுதியில் தங்கிவிட, அம்மாநிலத்தின் வாக்கு செல்லாமல் போயிற்று. பல்லாயிரம் மனிதரின் விடுதலை இப்படி ஒருவர் வராததால் கைநழுவியது. 1787இல் ஒரு சட்டம் ஒகையோ ஆற்றுக்கு வடமேற்கே மட்டும் தடை விதித்தது. ஆற்றின் தெற்கே தோட்ட முதலாளிகளுக்குத் தடையேதும் இல்லை. ஆனாலும் இத்தகைய தடை விதிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு என்பதற்கு அச்சட்டம் முன்மாதிரியானது.

1803இல் பிரான்சிடம் வாங்கிய லூசியானா நிலப்பரப்பில் அமைந்த மிசூரி, மாநிலத் தகுதி கோரியது. அங்கே அப்போது சுமார் 10,000 அடிமைகள் இருந்தனர். 1819 பிப்ரவரியில் நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மட்ஜ் இரு திருத்தங்களைக் கொண்டுவந்தார்: புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, மாநிலமான பின் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் 25 வயதில் விடுதலை பெற வேண்டும். ஏற்கெனவே அடிமைகளாக இருந்தவர்களைப் பற்றி அவற்றில் ஒன்றுமில்லை. மிதமான அந்தக் கோரிக்கைக்கே தென்னக உறுப்பினர்கள் ஒன்றியம் உடையும் என மிரட்டினர். கீழவை முதல் திருத்தத்தை 87க்கு 76, இரண்டாவதை 82க்கு 78 என ஏற்றது. செனட் இரண்டையும் தள்ளியது. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரைக் கணக்கில் சேர்த்துத் தெற்கு கீழவையில் கூடுதல் இடங்கள் பெறுவதை நியூயார்க் செனட்டர் ரூபஸ் கிங் கண்டித்தார். வாக்குரிமையற்றவர்களே தம் எசமானர்களின் பலத்தைப் பெருக்கிய கொடுமை அது.

1819 இறுதியில் அடிமை மாநிலங்களும் விடுதலை மாநிலங்களும் தலா 11 இருந்தன. இச்சமநிலை குலையாதிருக்க, மாசசூசெட்சிலிருந்து பிரிந்த மெய்ன் விடுதலை மாநிலமாகவும், மிசூரி அடிமை மாநிலமாகவும் சேர இணக்கம் ஏற்பட்டது. லூசியானா நிலப்பரப்பின் எஞ்சிய பகுதியில் 36 பாகை 30 கலைக் கோட்டுக்கு வடக்கே தடை விதிக்க இல்லினாய் செனட்டர் ஜெசி தாமஸ் முன்மொழிந்தார்; அதுவும் ஏற்கப்பட்டது. மிசூரிக்கான தடையைக் கைவிட கீழவை 90க்கு 87 என முடிவெடுத்தது.

கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் 1854இல் இந்தக் கோட்டுத் தடையை நீக்கியது. 1857இல் உச்ச நீதிமன்றம் டிரெட் ஸ்காட் வழக்கில் தடையே செல்லாது என்றது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1865இல் அடிமை முறை ஒழிந்தது.