அசையும் எழுத்து பிறந்த கதை

அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987 ஜூனில் ‘ஜிஃப்’ என்ற பட வடிவத்தை வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவுக்கு ஸ்டீவ் வில்ஹைட் தலைமை. கணினிகள் டெலிபோன் லைன் வழியாகப் பேசிக்கொண்ட காலம் அது. ஒரு படம் வந்து சேருவதற்குள் தேநீர் ஆறிப்போகும். அதனால் எல்லாவற்றிலும் சிக்கனம்: ஒரு படத்துக்கு 256 நிறங்கள்தான், ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்தால் சுருக்கிவிடுவார்கள். புகைப்படத்துக்கு இது போதாது. தட்டையான நிறமும் கூரான விளிம்பும் கொண்ட எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

1989இல் வந்த அடுத்த பதிப்பு, ஒவ்வொரு சட்டகமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை செக்கனில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் குறிக்க இடம் கொடுத்தது. அசைவு அங்கேதான் பிறந்தது. முடிவில்லாமல் சுழல வைக்கும் ஏற்பாட்டை 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவி சேர்த்தது.

அதே 1989 பதிப்பில், படத்துக்குள் எழுத்தை எழுத்தாகவே வைக்கவும் ஒரு பகுதி இருந்தது. ஆங்கில எழுத்து, எண், குறியீடு மட்டுமே அதில் ஏறும். மென்பொருள்கள் அநேகமாக அதைக் கண்டுகொள்ளவில்லை. இந்தக் கதையில் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இதுதான். அந்த ஏற்பாடு நிலைத்திருந்தால் தமிழ் வாசலிலேயே நின்றிருக்கும். எழுத்தையும் படமாகத்தான் வரைய வேண்டும் என்றானதால் நமக்கும் வழி பிறந்தது. பார்ப்பவரிடம் பாமினி என்ற பழைய எழுத்துரு இருக்கிறதா, யூனிகோட் எழுத்துரு இருக்கிறதா என்று படம் கேட்பதில்லை.

வரைவதற்குக் கருவி வேண்டுமே. நோல் சகோதரர்களின் போட்டோஷொப் 1990இல் விற்பனைக்கு வந்தது. அசைவுப் படங்களுக்கென்று இமேஜ்ரெடி 1998இல் வந்து, பிறகு போட்டோஷொப்புக்குள்ளேயே கலந்தது. காசில்லாதவர்களுக்குக் கிடைத்த வரம் ஜிம்ப். பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் எழுதி 1996இல் வெளியிட்டு, இலவசமாகவே கொடுத்தார்கள்.

ஜிம்பில் ‘வட்டவளை’ என்று ஊர்ப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுத வைப்போம். ஐந்து அடுக்குகள்: வ, ட், ட, வ, ளை. அடியில் இருக்கும் அடுக்குதான் முதலில் தெரியும். அடுக்கின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் 200 மில்லிசெக்கன் என்று ஆங்கிலச் சுருக்கத்தில் எழுதினால் அத்தனை நேரம் நிற்கும். பக்கத்தில் ‘கம்பைன்’ என்று சேர்த்தால் புது எழுத்து பழையதன் மேல் வந்து அமரும். ‘ரீப்ளேஸ்’ என்றால் முந்தியதைத் துடைத்துவிட்டு வரும். இங்கே நமக்கு வேண்டியது முதலாவது. ஏற்றுமதி செய்யும்போது ‘அசைவுப்படமாக’ என்ற கட்டத்தில் சரி போட மறந்தால் எல்லாம் ஒரே படமாகிவிடும்.

கடைசி எழுத்தில் கவனம் வேண்டும். ஆங்கிலத்துக்கென்று செய்த தானியங்கி டைப்பிங் கருவிகள் யூனிகோட் குறியீடுகளாக வெட்டும். முதலில் ‘ள’ வரும், அடுத்த நொடி இடப்பக்கம் ஐகாரக் குறி முளைத்து அதைத் தள்ளிவிடும். ‘ட்’டும் புள்ளியில்லாமல் வந்து பிறகு புள்ளி வைத்துக்கொள்ளும். பாமினியிலோ குறிதான் முதலில். பழைய போட்டோஷொப்பில் யூனிகோட் தமிழ் உடைந்து, கொம்பு இடம் மாறி நிற்கும். இலங்கையில் பலர் பாமினியை விடாததற்கு அதுவும் ஒரு காரணம். கையால் அடுக்கும்போது ‘ளை’ முழு எழுத்தாகவே பிறக்கும். அந்தச் சிரமத்தைப் படத்தான் வேண்டும். நம் எழுத்தை அரைகுறையாகக் காட்டக் கூடாது.

இலங்கையிலேயே அதிக மழை விழும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. பள்ளத்துத் தோட்ட லயன்களில் போன் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும் நாளிலும், ஊர்ப் பெயரை இப்படி ஐந்தே அடுக்கில் எழுதிய தேர்த்திருவிழா அழைப்பு போய்ச் சேரும். ஒரு வீடியோ அப்படிப் போகாது. நிறங்களை நான்கைந்தோடு நிறுத்துங்கள். கடைசி அடுக்குக்கு மட்டும் 2000 மில்லிசெக்கன் கொடுங்கள். வாசிக்கிறவர் ஊர்ப் பெயரை முழுதாகப் பார்க்க அத்தனை நேரம் வேண்டும்.