மாவட்டச் சராசரியும் லயத்துப் பெண்ணும்: சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து தாதியத் தொழிலுக்கு

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் உள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பதிவுபெற்ற தாதியர் அரிதாகவே வருகின்றனர். இதற்கு வறுமையையும் மொழியையும் காரணமாகச் சொல்வது வழக்கம். இரண்டும் உண்மைதான். ஆனால் தடை எந்த ஆண்டில், எந்தப் படியில் விழுகிறது என்பதை அவை காட்டுவதில்லை.

அரச தாதியாக வேண்டுமானால் க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்திருக்க வேண்டும். பிறகு வர்த்தமானி அறிவித்தலுக்கு விண்ணப்பித்து, தெரிவானால் சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரியொன்றில் மூன்றாண்டு பயில வேண்டும். இறுதிப் பரீட்சைக்குப் பின், 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு. அந்த மூன்றாண்டும் பயிலுநருக்குக் கொடுப்பனவு உண்டு. கல்லூரியும் தொலைவில் இல்லை, இரத்தினபுரியிலேயே இருக்கிறது. அப்படியானால் வறுமை தோட்டத்துப் பெண்ணை வீழ்த்துவது பயிற்சிக் காலத்திலல்ல. அதற்கு முந்திய இரண்டு உயர்தர ஆண்டுகளில்.

நம் பாடசாலைகள் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரிக்கப்பட்டுள்ளன. விஞ்ஞான உயர்தரம் 1ஏபியில் மட்டுமே உண்டு. 1சியில் கலையும் வர்த்தகமும். வகை 2 பதினோராம் தரத்தோடு முடிகிறது. 1977 முதல் அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளில் பல இன்னும் ஆரம்ப வகுப்புகளைத் தாண்டவில்லை. தமிழ் மொழிமூல விஞ்ஞான வகுப்பைத் தேடித் தெரணியகலைப் பக்கத்துப் பெண் வெளியூரில் தங்கவேண்டும். தங்குமிடச் செலவு, ரியூசன் காசு, பஸ் காசு எல்லாம் கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளத்திலிருந்து வரவேண்டும். அவள் கலைப்பிரிவைத் தேர்ந்தாள் என்கிறோம். தேர்வதற்கு அவளுக்கு முன் வேறு எது இருந்தது?

பட்டப்படிப்பின் வழியாகப் போகலாமே என்பர். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. இரத்தினபுரி அந்தப் பட்டியலில் இருக்கிறது, கேகாலை இல்லை. எனவே கேகாலை மாவட்டத்துத் தெஹியோவிட்டவில் தோட்ட லயத்தில் வாழும் மாணவி, கேகாலை, மாவனல்லை நகரப் பாடசாலை மாணவரோடு ஒரே வரிசையில் நிற்கிறாள். பின்தங்கலை மாவட்டத்தால் அளப்பது நுவரெலியாவில் ஓரளவு பொருந்தலாம். தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் சப்ரகமுவவில் மாவட்டச் சராசரி தோட்டத்தை மறைத்துவிடுகிறது.

இந்த அடைப்பின் விளைவாகவே பல பெண்கள் தனியார் நிலையங்களின் உதவித் தாதியர் சான்றிதழை நாடுகின்றனர். நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துகிறார்கள். வெள்ளை உடுப்பு கிடைக்கிறது, வேலையும் கிடைக்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் மட்டும் பேரவைப் பதிவுக்குத் தகுதியாகாது. இந்த வேறுபாட்டைச் சாதாரண தரப் பெறுபேறு வரும் வாரத்திலேயே தாய் தகப்பனுக்கு விளக்கிச் சொல்ல, பாடசாலைக்கு ஒருவராவது இருக்கவேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இழப்பு விண்ணப்பதாரியோடு நிற்பதில்லை. வார்டில் கிடக்கும் தோட்டத்துப் பாட்டி "மேலெல்லாம் காந்துது, தலை கிறுகிறுன்னு வருது" என்றால், அதைக் கேட்டு விளங்கி உரிய நேரத்தில் வைத்தியரிடம் சொல்ல ஒருவர் வேண்டும். அருகில் நிற்கும் பேத்தியை மொழிபெயர்ப்பாளராக்குவது சிகிச்சை முறை ஆகாது. தமிழும் 1987இலிருந்து அரசகரும மொழிதானே.

சமூகத்துக்குள்ளிருந்தே ஆளெடுத்துப் பயிற்றுவதற்கு மலையகத்தில் முன்னுதாரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, தோட்டத்துப் பிள்ளைகளை ஆசிரியர்களாக்கியது. தாதியத்துக்கு அதைவிடக் குறைந்த செலவு போதும். இரத்தினபுரியில் தாதியர் கல்லூரி ஏற்கெனவே உள்ளது. தெஹியோவிட்ட, பலாங்கொடை, நிவித்திகலை வலயங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு தமிழ்ப் பாடசாலையை 1ஏபியாக உயர்த்தி, உயிரியல், இரசாயனவியல் ஆசிரியர்களை நியமித்து, பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதி கட்டவேண்டும். இவற்றில் விடுதியே முதலில் எழவேண்டும். பஸ் நின்றுபோகும் மழை நாட்களில் வகுப்பைத் தவறவிடுபவள் தோட்டத்துப் பெண்பிள்ளைதான்.